ஃபயர்வால் விதி: எதைக் காக்கும், எதைக் காக்காது

ராசிபுரம் வட்டாரத்தின் ஜவ்வரிசி ஆலைகள், தீவன ஆலைகள், கல்லூரிகள் பலவற்றில் இன்று ஒரே சர்வர் பெட்டிக்குள் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. கணக்கு ஒன்றில், வருகைப் பதிவு ஒன்றில், கேமரா பதிவு இன்னொன்றில். மின்சாரமும் மிச்சம், இடமும் மிச்சம். ஆனால் இவை அத்தனையையும் தாங்கும் ஹோஸ்ட் ஒரு தாக்குபவனின் கைக்குப் போனால், கணக்கு முதல் கேமரா வரை எல்லாம் சேர்ந்தே போகும். அதனால்தான் ஹோஸ்டின் நிர்வாகப் பக்கத்தை யார் தொடலாம் என்று ஃபயர்வால் விதி எழுதி வரையறுக்கச் சொல்கிறார்கள். இந்த வழக்கம் எவ்வளவு தூரம் பயன் தரும்?

செய்முறை எளிது. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஒவ்வொரு சேவைக்கும் எதிரே, எந்த முகவரியிலிருந்தும் இணைப்பை ஏற்கும் தேர்வு வழக்கமாக இருக்கும். அதை மாற்றி, நிர்வாகியின் கணினி முகவரியை மட்டும் சேர்த்தால் போதும். அதே வகை மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் ஃபயர்வால் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். இயக்கியதும் ஹோஸ்டுக்கு வரும் இணைப்புகள் தடைபட்டு, உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் 8006, 22 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்கும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அரை மணி நேர வேலை.

இதன் பலத்துக்கு 2023 பிப்ரவரியே சாட்சி. அம்மாதம் 3ஆம் தேதி பிரான்சின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி விடப்பட்டிருந்த ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளை, பணம் கேட்டுத் தரவை முடக்கும் ஒரு ரேன்சம்வேர் பூட்டிக்கொண்டே போனது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் சிக்கின. 427ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்த எஸ்எல்பி சேவையின் ஓட்டைதான் வழி என்று முதலில் சொன்னார்கள். அதற்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பலர் அதைப் போடவில்லை. அந்தச் சேவையை நிறுத்தியிருந்தும் தாக்கப்பட்டோம் என்று சிலர் சொன்னதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திருத்தம் தெரிந்த ஓட்டையை அடைக்கும். ஃபயர்வால் விதியோ, ஓட்டை எதுவென்று தெரியாதபோதும் வெளியாளை ஹோஸ்டின் பக்கம் நெருங்க விடாது. இரவில் சர்வரை நிறுத்தித் திருத்தம் போட ஆளில்லாத சிறிய நிறுவனத்துக்கு விதி வாங்கித் தரும் அவகாசம் பெரிய பலன்.

ஆனால் ஹோஸ்டுக்கான ஆபத்து, ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட கணினி வழியாகவும் வரலாம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை சைபர் தாக்குதலால் முடங்கியது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை பல நாள் கையால் எழுதினார்கள். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் அளித்தது. நம் ஊர் அலுவலகங்களில் நடப்பதும் இதுதான். விதி எழுதும்போது ஒரே ஒரு கணினியை மட்டும் சேர்ப்பதற்குப் பதில், ‘ஆபீஸ் ஐபி முழுக்க விட்டுடுங்க சார்’ என்று முடித்துவிடுகிறோம். ப்ராக்ஸ்மாக்ஸ் தானாகத் திறந்துவைக்கும் ‘உள்ளூர்’ என்பதும் அந்த முழு அலுவலகம்தான். எடைமேடைக் கணினியில் யாரோ ஒரு போலி இணைப்பைச் சொடுக்கினால், அங்கிருந்து ஹோஸ்ட் வரை தடையே இல்லை.

இன்னும் அடிப்படையான குறையும் உண்டு. இந்த விதி முகவரியைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியுடன் இணைத்த ஈஎஸ்எக்ஸ்ஐயில், ‘ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழுவை உருவாக்கினாலே அதன் உறுப்பினருக்கு முழு அதிகாரம் கிடைத்ததையும், ரேன்சம்வேர் கும்பல்கள் அதைப் பயன்படுத்தியதையும் 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அனுமதித்த கணினி வழியாகவே அப்படி நுழைபவனை விதி என்ன செய்யும்? 2025 மார்ச் 4 அன்று விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் திருத்திய ஓட்டைகள் இன்னொரு வகை. விர்ச்சுவல் மெஷினுக்குள் நிர்வாகி அதிகாரம் பெற்றவன் அங்கிருந்தே ஹோஸ்டுக்குத் தாவ அவை வழிவிட்டன. நெட்வொர்க்கைத் தொடாத தாக்குதலுக்கு நெட்வொர்க் விதி மருந்தாகாது. சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க அதன் பின்புறம் இருக்கும் ஐட்ராக், ஐஎல்ஓ போர்ட்டும் ஹோஸ்டின் ஃபயர்வாலுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதைப் பொது சுவிட்சில் செருகி, தொடக்கக் கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டால், எழுதிய விதி அத்தனையும் வீண்.

கடைசியாக, நாமே வெளியே மாட்டிக்கொள்ளும் தொல்லை. நிர்வாகியின் கணினிக்கு நிலையான முகவரி தராமல் விதி எழுதினால், ரவுட்டர் ஒருநாள் வேறு முகவரி கொடுத்ததும் அவருக்கே கதவு அடைபடும். ஐட்ராக் போன்ற வழி இல்லையென்றால், பிறகு சர்வரில் மானிட்டரும் கீபோர்டும் செருகித்தான் சரிசெய்ய வேண்டும். பராமரிப்பவர் சேலத்தில் இருந்தால் அவர் பஸ் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பயத்தாலேயே பலர் விதியை ‘தற்காலிகமாக’ அணைக்கிறார்கள். அணைத்தது அப்படியே நின்றுவிடுகிறது.

ஆகவே, இந்த வழக்கத்தைக் கைவிடக் கூடாது, இதையே முழுக் காப்பு என்று நம்பவும் கூடாது. செலவில்லாமல் பெரும்பகுதி ஆபத்தைத் தடுக்கும் முதல் படி இது. நிலையான முகவரி கொண்ட ஒரே கணினிக்கு அனுமதி கொடுங்கள். மின்னஞ்சலும் இணையமும் அந்தக் கணினியில் வேண்டாம். ஐட்ராக் போர்ட்டைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். ஹோஸ்டின் கடவுச்சொல்லால் தொட முடியாத இடத்தில் ஒரு பேக்கப் இருக்கட்டும். இவற்றைச் செய்யாமல் விதி மட்டும் எழுதிவைத்த நிறுவனம், பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது.