நோயும் மருந்துமான தெய்வம்: யொரூபா மரபில் சொபோனா

நைஜீரியாவின் யொரூபா மக்கள் வழிபட்ட பெரியம்மைத் தெய்வமான சொபோனாவைக் காலனிய அரசு நோய் பரப்பும் தெய்வமாக மட்டுமே கண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் ஒகுந்தோலா சபாரா அவ்வழிபாட்டுக் குழுவினுள் தாமே சேர்ந்து, பூசாரிகள் அம்மைப் பொருக்கைக் கொண்டு நோயைப் பரப்புவதாக அறிவித்தார், வழிபாடு தடைசெய்யப்பட்டது. அக்குற்றச்சாட்டை முற்றும் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. ஆயின் அதனைக் கொண்டே தெய்வத்தின் இயல்பை வரையறுப்பது பிழை.

அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் பிரேசிலில் வளர்த்த கண்டோம்பிளே சமயத்தில் அவ்வியல்பு தெளிவாகப் புலப்படுகிறது. அங்கு ஒமொலு, ஒபலுவாயே எனப்படும் இத்தெய்வம் ஏறியாடுவோரின் முகமும் உடலும் நார்த்திரையால் மூடப்படும். தழும்புகளை மறைப்பது அத்திரை. காற்றின் தெய்வமான இயான்சா வீசியதும் அவன் புண்கள் சோளப்பொரியாய்த் தெறித்து உதிர்ந்தன என்பது தொன்மம். அப்பொரியே அவனுக்குப் படையல். நோயுற்றோர் உடலில் சொரிந்து தூய்மை செய்வதும் அதனாலேயே. புண்ணே மருந்தாகும் இச்சடங்கில் நோய் தருவோன், தீர்ப்போன் என்ற பிரிவினைக்கு இடமில்லை.

பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. தெய்வமோ ஒழியவில்லை. கியூபாவில் புனித லாசரசுடன் இணைந்து பபலு அயே ஆகிய அவனை நாடி, ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாள் எல் ரிங்கோன் திருத்தலத்திற்கு முழந்தாளிட்டும் தவழ்ந்தும் செல்வோர் இன்றும் உளர்.