இருட்டு யாருடைய குற்றம்?

2019 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாவது சீசனில் மூன்றாம் பகுதியை ஒளிபரப்பியது. ‘தி லாங் நைட்’, அதாவது நீண்ட இரவு, என்பது அதன் பெயர். வின்டர்ஃபெல் என்னும் கோட்டையில் உயிருள்ளோருக்கும் இறந்தோருக்கும் இடையே ஓர் இரவு முழுவதும் நடக்கும் போர்தான் கதை. 82 நிமிடம் ஓடும் இப்பகுதியின் போர்க் காட்சிகளைப் படமாக்க 55 இரவுகள் பிடித்தன. ஆனால் மறுநாள் உலகெங்கும் பேசப்பட்டது போரைப் பற்றியன்று. போர் கண்ணுக்கே தெரியவில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இதற்கு மறுமொழி கூறினார். படம் அளவுக்கு மீறி இருட்டாக இல்லை, அதை எடுத்தவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும் என்றார். பார்ப்போர் பலருக்குத் தம் தொலைக்காட்சிப் பெட்டியைச் சரியாகத் திருத்தி வைக்கத் தெரியவில்லை என்பது அவர் சொன்ன முதற்காரணம். ஒளிபரப்பில் படம் சுருக்கப்படுவதையும் அவர் சேர்த்துக் குறிப்பிட்டார். இம்மறுமொழியில் உண்மை எவ்வளவு, தட்டிக்கழிப்பு எவ்வளவு என்பதை அளந்து பார்க்கலாம். காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவர் தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும் நிலை வந்திருக்கிறதே, அதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

பெட்டியைப் பற்றிய குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் வாக்னர் பக்கம் நியாயம் உண்டு. கடையில் பளீரென்ற விளக்குகளின் கீழ் நாற்பது பெட்டிகள் வரிசையாக ஓடுகின்றன. அங்கே எது அதிக வெளிச்சமாகவும் எது சற்று நீலமாகவும் தெரிகிறதோ, அதன்மேல்தான் வாங்குபவரின் கண் போகும். இது தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். ஆகவே ‘விவிட்’ என்றோ ‘டைனமிக்’ என்றோ ஒரு படநிலையை வைத்திருக்கிறார்கள். வெண்மைக்கு உலகத் தரம் பகலொளியை ஒத்த ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலை. படம் தயாரிப்போர் அனைவரும் இதை வைத்துத்தான் வண்ணம் பார்க்கிறார்கள். ‘விவிட்’ நிலையிலோ அது 10,000 கெல்வினைத் தாண்டுவது சாதாரணம். மனிதரின் தோல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். அதை மறைக்க நிறச்செறிவையும் உயர்த்தி வைப்பார்கள். ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய்!

அடுத்த குழப்பம் பெயர்களில் இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் ‘பிரைட்னஸ்’ என்று எழுதியிருக்கும் அளவு, பெயர் சொல்வதுபோல் படத்தின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. கருமை எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ‘கான்ட்ராஸ்ட்’ என்பதோ வெண்மையின் உச்சத்தைத் தீர்மானிக்கிறது. பழைய படக்குழாய்க் காலத்துப் பெயர்கள் இவை. குழாய் போனபின்பும் பெயர் போகவில்லை. எட்டு பிட் வீடியோவில் ஒளியின் அளவுகள் 0 முதல் 255 வரை எண்களாகக் குறிக்கப்படுகின்றன. இதில் 16 என்பது முழுக் கருமை. 235 என்பது முழு வெண்மை. ‘பிரைட்னஸ்’ சற்றே தாழ்ந்திருந்தாலும் 17 முதல் 25 வரையுள்ள நுட்பமான நிழல்கள் அனைத்தும் ஒரே கறுப்பில் விழுந்துவிடும். ‘நீண்ட இரவு’ என்னும் நாடகத்தின் பெரும்பகுதி இந்த எண்களை ஒட்டித்தான் நடக்கிறது.

இதைத் திருத்த விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சோதனைப் படங்களில் கருமையை ஒட்டி மெல்லிய பட்டைகள் இருக்கும். இரவில், வழக்கமாகப் பார்க்கும் வெளிச்சத்தில், 16-க்கு மேற்பட்ட பட்டை மங்கலாகத் தெரியவும் 16-க்குக் கீழ்ப்பட்டது மறையவும் வைத்தால் போதும். கூடவே, இருண்ட காட்சி வரும்போதெல்லாம் பின்னொளியைத் தானே குறைக்கும் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ போன்றவற்றை அணைத்துவிட வேண்டும். வினாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த திரைப்படத்தில் இடைச் சட்டங்களைத் தானே புனைந்து நுழைக்கும் வசதியும் ஒன்று உண்டு. நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் வீடியோ ஒன்றில் தோன்றி, அதை அணைத்துவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டனர். 2019 ஆகஸ்டில் யு.எச்.டி. அலையன்ஸ் என்ற அமைப்பு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற நிலையை அறிவித்தது. ஒரே பொத்தானில் இந்தச் சித்து வேலைகள் எல்லாம் நின்றுபோகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரியாகக் காட்டுவது தனியொரு ‘மோட்’ ஆகவும், பிழையாகக் காட்டுவது பிறவிக் குணமாகவும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

இனி மறுபக்கம். பெட்டியைக் கருவி வைத்து அளந்து துல்லியமாகத் திருத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வெண்மை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா. இதுவே வண்ணம் பார்க்கும் கூடங்களில் கையாளப்படும் அளவு. 30 என்ற எண்ணில் பதிவாகியுள்ள ஓர் இருண்ட முகம் திரையில் எவ்வளவு ஒளிரும்? முப்பதில் பதினாறைக் கழித்து, 219-ஆல் வகுத்து, 2.4 என்ற அடுக்குக்கு உயர்த்தி, நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 0.14 கேண்டெலா வருகிறது. இப்போது அறையில் ஒரு விளக்கு எரிகிறது. திரைமேல் 100 லக்ஸ் ஒளி விழுகிறது. திரை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சிதறடிக்கிறது என்று கொள்ளுங்கள். நூறை நூறால் வகுத்து, பின் 3.14-ஆல் வகுத்தால் 0.32 கேண்டெலா. ஆக, விளக்கின் எதிரொளி அந்த முகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! முகம் எப்படித் தெரியும்? எந்த அளவுத்திருத்தமும் இங்கே உதவாது. விளக்கை அணைத்தால்தான் உண்டு.

வண்ணம் பார்ப்பவர்கள் இருண்ட கூடத்தில், விலைமதிப்பற்ற திரையின் முன் அமர்ந்து, கண் இருளுக்குப் பழகிய நிலையில் முடிவெடுக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடரை மக்கள் எங்கே பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. பத்துப் பேர் வந்துபோகும் கூடத்துக்கு ஒரு படைப்பைச் செய்துவிட்டு, குகையில் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்வது முறையாகாது.

சுருக்கத்தின் கதை இதைவிட மோசம். இணையத்திலும் கேபிளிலும் அனுப்புவதற்காகப் படத்தின் தகவல் பல மடங்கு குறைக்கப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் படாதது என்று கணித்து, இருண்ட பகுதிகளின் நுட்பத்தைத்தான் சுருக்கும் முறைகள் முதலில் வெட்டுகின்றன. பகல் காட்சிக்கு இது பொருந்தும். இருளும் பனிப்புகையும் ஓயாது அசையும் காட்சிக்கு இதைவிடப் பொருந்தாத முறை வேறில்லை. புகை படிக்கட்டுகளாகவும் இருள் சதுரக் கட்டங்களாகவும் உடைந்தன. ‘பிரைட்னஸை’ உயர்த்தியவர்கள் கண்டது கூடுதல் விவரங்களை அல்ல, கூடுதலாகத் தெரிந்த கட்டங்களைத்தான். வந்து சேராததைப் பெட்டி எங்கிருந்து கொண்டுவரும்? இதே பகுதி பின்னர் உயர்தர வட்டில் வெளிவந்தபோது இந்தக் குறை பெருமளவு இல்லை.

இவை யாவும் ஒருபுறமிருக்க, கலை என்ற நோக்கிலும் ஒரு சொல். இப்பகுதியின் தலைசிறந்த காட்சி அதன் மிக இருண்ட காட்சிகளில் ஒன்று. டோத்ராக்கிக் குதிரைவீரர்கள் எரியும் வாள்களோடு இருளுக்குள் பாய்கிறார்கள். தொலைவில் அந்த நெருப்புப் புள்ளிகள் சிறிது சிறிதாக அணைகின்றன. கோட்டையில் நிற்பவர்களோடு நாமும் மூச்சடைத்துப் பார்க்கிறோம். எந்த மட்டமான பெட்டியிலும் இது தெரியும். ஏனெனில் கருமைக்குள் ஒளி இருக்கிறது. கண் தேடுவது ஒளியின் அளவை அன்று, ஒளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை. பனிப்புயலுக்குள் டிராகன்கள் மோதும் காட்சிகளிலோ சாம்பல்மேல் சாம்பல்தான். குழப்பத்தைக் காட்டுவது இயக்குநர் மிகேல் சபோச்னிக்கின் நோக்கமாக இருக்கலாம். ஆனால் போரில் சிக்கியவனின் குழப்பம் வேறு, எது யார் என்று அறியாத பார்வையாளனின் சலிப்பு வேறு.

ஒலியிலும் இதே வழக்கு நடக்கிறது. இங்கே குற்றம் சாட்டப்படுபவர் கிறிஸ்டோபர் நோலன். 2014-இல் ‘இன்டர்ஸ்டெல்லர்’, 2020-இல் ‘டெனெட்’ ஆகிய படங்களில் பேச்சு புரியவில்லை என்று பலர் முறையிட்டனர். பேச்சையும் ஓர் ஒலிவிளைவாகக் கையாண்டதாக முதற்படத்துக்கு அவர் விளக்கம் தந்தார். திரையரங்கிலேயே இந்த நிலை என்றால் வீட்டில் என்னவாகும்?

திரையரங்கின் ஒலியளவுக்கு ஒரு தரம் உண்டு. திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபெல் தர வேண்டும். உச்சம் 105 வரை போகும். தாழ்சுரத்துக்கான தனித்தடத்தில் 115 வரையும் போகலாம். இதை வீட்டில் வைத்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். ஆகவே 20 டெசிபெல் குறைக்கிறோம். வெடிச்சத்தம் அப்போதும் வெடிச்சத்தமாகவே கேட்கிறது. மெல்லிய பேச்சோ மின்விசிறி இரைச்சலுக்குள் போய்விடுகிறது. மேலும், ஒலி குறையக் குறையக் காது தாழ்சுரங்களைக் கூடுதலாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பேச்சுக்கு ஒலியைக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து, ரிமோட்டும் கையுமாகப் படம் பார்ப்பவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை.

திருத்த முடிந்தவை இங்கேயும் உண்டு. ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழ்சுரப் பெட்டியும் கொண்ட அமைப்பில், இருக்கையிலிருந்து கேட்கும்போது எல்லாம் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிமானி துல்லியமற்றதுதான். ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும் என்பதால் ஒவ்வொன்றின் தொலைவையும் கருவியில் பதிய வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகளுக்கு 80 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்டதைத் தாழ்சுரப் பெட்டிக்கு மாற்றிவிடுவது பொதுவான முறை. மைக் ஒன்றை வைத்து ரிசீவர் தானே செய்யும் அளவுத்திருத்தம் இவற்றை நன்றாகவே செய்கிறது.

அது தோற்பது அறையிடம். ஐந்து மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 35 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி நிலை அலையாக நிற்கும். சுவரை ஒட்டி அது முழங்கும். நட்டநடுவே ஏறக்குறைய மறைந்தே போகும். மறைந்த இடத்தில் மின்னாற்றலைக் கூட்டிப் பயனில்லை. கூட்டக் கூட்ட எதிரலையும் கூடும். இருக்கையை அரை மீட்டர் நகர்த்துவது இங்கே பல ஆயிரம் ரூபாய்க் கருவியைவிட நல்ல மருந்து. பின்சுவரில் முதுகு சாய உட்கார்ந்துகொண்டு ‘பாஸ்’ அதிகம் என்று வருந்துவோர் இதைச் செய்து பார்க்கலாம்.

பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வருகிறது. ஆகையால் அதை மட்டும் 2, 3 டெசிபெல் உயர்த்திக்கொள்வது பல படங்களுக்குப் போதுமான தீர்வு. தூய்மைவாதிகள் இதை ஏற்கமாட்டார்கள். காது மந்தமான முதியவர் இருக்கும் வீட்டில் அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ‘டெனெட்’ படத்தில் இதுவும் முழுப்பயன் தருவதில்லை. முகமூடிக்குள்ளிருந்து வரும் பேச்சு பதிவிலேயே மழுங்கிக் கிடக்கிறது. படகுக் காட்சியில் காற்றும் அலையும் பேச்சோடு பின்னிக் கிடக்கின்றன. நடு ஒலிபெருக்கியை உயர்த்தினால் அவையும் அதே 3 டெசிபெல் உயர்ந்து பேச்சோடு கூடவே வருகின்றன.