தடுத்த பிறகு ஒரு விநாடி

நார்வே பெண்கள் ஹேண்ட்பால் ஆடும்போது டிவி கேமரா தப்பான ஆளைத்தான் துரத்துகிறது. கோல் போட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டும். அந்த கோல் எங்கே பிறந்தது என்பதைக் கோட்டை விட்டுவிடும். ஹேண்ட்பாலில் ருசி கண்டவர்கள் கண்ணைத் திரையின் மறு ஓரத்தில் வைத்திருப்பார்கள். அங்கேதான் பல வருஷம் கோல்கீப்பர் காத்ரீனே லுண்டே நின்றார்.

விங்கிலிருந்து ஒருத்தி வட்டத்துக்குள் பாய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் குறுகல், தூரம் இரண்டு மூன்று மீட்டர். லுண்டே அவசரப்படுவதில்லை. கம்பத்தை ஒட்டி ஓரடி முன்னால் வந்து, எறிகிறவளின் மணிக்கட்டு திரும்பும்வரை பொறுத்திருக்கிறார். அதன் பிறகே இடுப்பு உயரத்துக்குக் கால் எழும்புகிறது. பந்து முழங்காலில் பட்டு, செத்து, காலடியில் விழுகிறது.

இதுவரை நல்ல கோல்கீப்பர் யாரும் செய்வார். அடுத்த விநாடி லுண்டேவுக்கு மட்டுமே சொந்தம். குனிந்து எடுத்து நிமிரும்போதே பார்வை மறுமுனைக்குப் போய்விடுகிறது. இடது ஓரத்தில் கமில்லா ஹெர்ரெம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருப்பார். பந்து அவர் தோளைத் தாண்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் இறங்கும். எதிரணியின் ஆறு பேரும் இன்னும் திரும்பியே முடித்திருக்க மாட்டார்கள்.

நார்வேயின் பலமே லுண்டேதான் என்றால், அங்கே கோல் போடும் ஹென்னி ரைஸ்டாட் கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கையிலும் வலுவான சாட்சி இருக்கிறது. 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக 15 கோல். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் போட்டதும் அவர்தான், 29–28. அதே அணியின் நூரா மோர்க்கின் இடது கையையும், ஸ்டீனே ஊஃப்டெடால் இரண்டு பேருக்கு நடுவே நழுவும் விதத்தையும் யார்தான் ரசிக்காமல் இருப்பார்கள்? ஆனால் அந்தக் கைகளுக்குப் பந்து எப்படி வந்தது என்று ஒருமுறை பின்னோக்கி ஓடவிட்டுப் பார்க்கலாம்.

இன்னும் பழைய ஆட்கள் டென்மார்க்கின் ஆன்யா ஆண்டர்சன் பெயரை இழுப்பார்கள். 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் தொடர்ந்து வென்ற நாடு அது; அந்த வரிசையின் தொடக்கத்தில் நின்றவர் ஆண்டர்சன். அவர் சுழற்றி எறிந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வாணவேடிக்கை. நார்வேயின் ஆட்டம் அடுப்பு வேலை மாதிரி: தடு, எடு, எறி, ஓடு. முப்பது வருஷம் அலுக்காமல் அதையே செய்திருக்கிறார்கள்.

முப்பது வருஷத்துக்கு இரண்டே பயிற்சியாளர்கள். 1994 முதல் 2009 வரை மாரிட் ப்ரெய்விக். அவருக்கு உதவியாளராக இருந்து, அதன்பின் 2024 வரை ஐஸ்லாந்துக்காரர் தோரிர் ஹெர்கெய்ர்சொன். தலைமை மாறும்போதெல்லாம் ஆட்டத்தையும் கலைத்துப் போடுகிற அணிகளுக்கு நடுவே இது அபூர்வம்.

லுண்டேவை ஏற்காத நார்வேக்காரர்களும் உண்டு. அவர்கள் மனம் 1999 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. லில்லேஹாமரில் உலகக் கோப்பை இறுதி. இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடியும் ஒரே கோல் வித்தியாசம், பிரான்ஸுக்கு எதிராக 25–24. அந்த அணியில் செசிலியே லெகாங்கர் இருந்தார். காலைத் தரையோடு தரையாக விரித்து அவர் தடுத்ததைப் பார்த்தவர்கள் வேறு யாரையும் கோல்கீப்பர் என்று சொல்லத் தயங்குவார்கள். தடுப்பதை மட்டும் எடைபோட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தடுத்த பிறகு வரும் விநாடியையும் தராசில் வைத்தால் லுண்டே பக்கம்தான் தட்டு இறங்கும்.

2016-இல் வந்த விதி அந்த விநாடியையே கெடுத்தது. தாக்கும்போது கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஏழாவது ஆட்டக்காரரை இறக்கலாம், அவர் தனி மேலாடைகூடப் போட வேண்டாம் என்று ஆனது. அன்றிலிருந்து உலகத்தரமான கோல்கீப்பர்கள், ஆபீஸில் ஃபைல் தூக்கி ஓடுகிற பியூனைப் போல, பெஞ்சுக்கும் வலைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எதிரணியினர் காலி வலைக்குள் அரங்கின் மறுமுனையிலிருந்து பந்தை உருட்டிவிட்டு அதற்கும் கைதட்டல் வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் கோலா?

உள்ளூர் நிலவரமும் தேறவில்லை. லுண்டே பிறந்த கிறிஸ்டியான்சாண்டின் வைப்பர்ஸ் கிளப் 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் சாம்பியன்ஸ் லீகை வென்றது, வலையில் அவர். 2025 ஜனவரியில் அந்த கிளப் திவால். கோப்பை அலமாரி நிறைந்திருந்தது, கல்லா காலி.

தோல்விகளை மறைத்து லுண்டேவைப் புகழ வேண்டியதில்லை. பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்கில் இரட்டைச் சகோதரி கிறிஸ்டினேவோடு தங்கம், லண்டனில் மறுபடி தங்கம். பிறகு ரியோ அரையிறுதியில் 37–38, டோக்கியோ அரையிறுதியில் 26–27. இரண்டு முறையும் ரஷ்யர்களிடம், இரண்டு முறையும் ஒரே ஒரு கோலில். இரண்டிலும் கிடைத்தது வெண்கலம்.

பாரிஸ் 2024 தொடங்கியதும் தோல்வியில்தான். முதல் ஆட்டத்தில் ஸ்வீடன் 32 கோல் போட்டது. வயதாகிவிட்டது என்று பேச்சு எழ அவ்வளவே போதும். காலிறுதியில் பிரேசிலால் 15-ஐத் தாண்ட முடியவில்லை. அரையிறுதியில் டென்மார்க்குக்கு 21. ஆகஸ்ட் 10 அன்று லீல் நகரில், சொந்த ரசிகர்கள் நடுவே ஆடிய பிரான்ஸுக்கும் அதே 21, நார்வேக்கு 29. வலையைப் பகிர்ந்துகொண்ட சில்யே சூல்பெர்குக்கும் இதில் பங்குண்டு. கடைசி மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்கியது 57 கோல், சராசரி 19. தங்கப் பதக்கம் கழுத்தில் விழுந்தபோது லுண்டேவுக்கு வயது 44.