43க்கு 8

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டி, தார் முடிந்து தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில், பழைய ஜீப் ஓட்டுகிறவர் தரையிலுள்ள குட்டை லீவரைத் தள்ளி ஃபோர் வீல் போடுவார். நல்ல வண்டியாக இருந்தால் அப்போது எதுவுமே நடந்த மாதிரி தெரியாது. முனகல் இல்லை, ஸ்டியரிங் இழுக்காது. எனக்குப் பிடித்தது அந்த ஒன்றும் நடக்காததுதான். அதற்குள் யாரோ பல் எண்ணிப் பார்த்த உழைப்பு இருக்கிறது.

பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்பதை ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் முடிவு செய்கின்றன. இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பில் 39 பல்லுக்கு 8, அதாவது 4.88. பின்னால் வந்த சிஜே-3பி, நம் ஊரில் மகிந்திரா பல்லாண்டு கட்டிய அந்த உயரமான மூக்கு ஜீப், 43க்கு 8: 5.38.

ஏலத்தில் எடுத்த வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டும்போதுதான் ஆபத்து. முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று அமைந்துவிட்டால், பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்சக்கரம் முந்தப் பார்க்கும். டூ வீலில் ஓடும்வரை இது வெளியே தெரியாது, வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். சேறென்றால் சக்கரம் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் முறுக்கு ஏறி, லீவர் இறுகி, டயர் தேய்ந்து, கடைசியில் ஏதாவது ஒன்று உடையும்.

நல்ல மேஸ்திரி ஆக்ஸில் ஹவுசிங்கைத் திறக்காமலே இந்தப் பல் கணக்கை, அதாவது ரேஷியோவை, சொல்வார். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றுவார். மறு சக்கரம் தரையில் நிற்பதால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கும். அதற்காகத்தான் இரண்டு சுற்று. ஷாஃப்ட் ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 5.38, ஐந்தை எட்டாமல் நின்றால் 4.88. இதை முன்னும் பின்னும் செய்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்.

43ஐயும் 8ஐயும் பொதுவாக வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறில்லை. ஆகவே பினியனின் ஒரு பல், கிரவுனின் 43 பற்களையும் சந்தித்த பிறகுதான் பழைய பல்லிடம் திரும்பி வரும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகிறது. இந்த எண்ணைத் தேர்ந்தவரை எழுந்து நின்று கும்பிடலாம். ஜோடியாக உரசிப் பதமாக்கிய கிரவுன் பினியனைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்கக்கூடாது என்பதை, பூட்டுக்கென்றே சாவியை அரம் போட்டுச் சமைக்கும் திண்டுக்கல்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, தசமத்தின் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டுமா? வேண்டாம். 41க்கு 10, 45க்கு 11 என்ற இரு ஆக்ஸில்களை அமெரிக்க டிரக்குகளில் தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள்: 4.10, 4.09. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்தான் வித்தியாசம். பல்லில் கறாராக இருந்துவிட்டு, முன்னால் புது டயரும் பின்னால் வழுக்கை டயரும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு. 72 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஜீப் டயர் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் 1.4 சதவீதம் போச்சு. அந்த டிரக் வித்தியாசத்தைப்போல ஆறு மடங்கு.

மலையிலிருந்து இறங்கி நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வயல்பக்கம் வந்தால் இதே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. ஃபோர் வீல் டிராக்டரில் முன்சக்கரம் சிறிது, பின்சக்கரம் பெரிது. ரேஷியோவும் அதற்கேற்ப வெவ்வேறு. இரண்டும் தரையில் சமமாக ஓடும்படி வைப்பதுகூட இல்லை. முன்சக்கரம் 1 முதல் 5 சதவீதம் முந்தும்படி வேண்டுமென்றே அமைக்கிறார்கள். சேற்றில் அதுதான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிந்திவிட்டால் முன்சக்கரம் பிரேக்காகிவிடும். அதனால் டிராக்டருக்கு முன் டயர் வாங்கும்போது பெயரளவு அளவை மட்டும் சொன்னால் போதாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் உருளும் என்று பழைய டயரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.