சோதனைக்கு முன்னே பூணும் கவசம்

சோதனையை வெல்வது எங்ஙனம் என்று வினவினால், சோதனை வந்துற்ற வேளையில் உறுதியாய் நிற்க வேண்டும் என்றே பலரும் விடையிறுப்பர். இவ்விடை தவறன்று, ஆயினும் காலந்தாழ்ந்த விடையாகும். மரம் சீவும் கத்தியைப் பெரட்டுக்கு வந்த பின் தீட்டத் தொடங்குவோனை நாம் தொழில் தெரிந்தவன் என்று மதிப்பதில்லை. முதல் நாள் மாலையே தீட்டி வைத்தவனே தொழிலாளி. ஆங்கில நாட்டில் 1678-ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழ் வசனத்தில் ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்கும் நூல், கிறிஸ்தவ வாழ்வைப் பற்றிக் கூறும் தலையாய உண்மை இதுவே என்பது நமது கருத்து.

இந்நூலை இயற்றிய ஜான் பன்யன் கல்லூரி கண்டவர் அல்லர். பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு பிறந்து, தந்தையைப் போலவே ஓட்டைப் பாத்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் போதித்தார் என்று 1660-இல் சிறைப்பட்டு, 1672 வரை அங்கேயே கழித்தார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பாராயின் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டிலோ மனைவியும் நான்கு மக்களும்; அவர்களுள் மூத்த பெண் கண்ணிழந்தவள். நாடா முனைகளுக்குத் தகடு கட்டிச் சிறையிலிருந்தே அவர் குடும்பத்துக்கு உதவினார். இத்தகையவருக்குச் சோதனை என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. தூக்குமேடை ஏற நேர்ந்தால் முகம் வெளுத்துக் கால் நடுங்கித் தம் சமயத்துக்கே இழுக்குத் தேடிவிடுவோமோ என்று முன்னதாகவே அஞ்சி, அவ்வச்சத்தோடு போராடியதை 1666-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். வராத துன்பத்தை எண்ணி நடுங்குவது கோழைமை என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. வரக்கூடியதை முன்கூட்டியே நேர்நின்று பார்த்தவர் என்பதனாலேயே அவர் நிலைகுலையாது நின்றார் எனக் கொள்வதே பொருத்தம்.

இவ்வனுபவமே கதையின் அமைப்பாயிற்று. யாத்திரிகனான கிறிஸ்தியான் அழகு மாளிகையில் தங்குகிறான். விவேகம், பக்தி, அன்பு என்னும் நங்கையரோடு உரையாடுகிறான், உண்கிறான், உறங்குகிறான், ஆயுதசாலையைக் காண்கிறான், தலை முதல் கால் வரை கவசம் பூட்டப் பெறுகிறான். அதன் பின்னரே தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் பகைவனைச் சந்திக்கிறான். இவ்வரிசை கவனிக்கற்பாலது. பகைவனைக் கண்டவுடன் திரும்பி ஓடலாமோ என்று எண்ணுகிறான். முதுகுக்குக் கவசம் இல்லை என்பது நினைவுக்கு வரவே நின்றுவிடுகிறான். கவசம் தந்தோர் முதுகை மறந்தாரல்லர். ஓடுவோனுக்குக் காவல் இல்லை என்பதே அதன் பொருள்.

அப்பொல்லியோன் எடுத்த எடுப்பில் படை தொடுப்பதில்லை, பேசுகிறான். திரும்பி வந்தால் பிழை பொறுப்பேன் என்கிறான். அது பலியாமற் போகவே பழங்குற்றங்களை அடுக்குகிறான்: சேற்றில் விழுந்தாய், வழியில் உறங்கினாய், சிங்கங்களைக் கண்டு அஞ்சினாய். கிறிஸ்தியான் ஒன்றையும் மறுக்கவில்லை. அவை யாவும் மெய். நீ சொல்லாமல் விட்டவை இன்னும் பல. ஆயினும் என் அரசர் மன்னிக்க வல்லவர் என்கிறான். சோதனையின் கூரிய படை எப்போதும் ஆசை அன்று. சில வேளைகளில் அது அவமானமாகும். ‘முன்னமே கெட்டவன்தானே, இனி என்ன?’ என்று கேட்கும் குரலே திருந்த முயல்வோரை மீண்டும் வீழ்த்துவது. இக்குரலுக்குரிய விடையைப் போர்க்களத்தில் தேட நேரம் இராது.

போர் தொடுக்கும் சோதனையினும் போர் தொடுக்காத சோதனை கொடிது. கடின மலையின் நடுவிலுள்ள நிழற்குடில் பாவத்தின் வீடன்று; மலையின் தலைவரே வழிப்போக்கர் நலனுக்காக அமைத்தது. அங்கேதான் கிறிஸ்தியான் உறங்கித் தன் ஓலைச் சுருளை இழக்கிறான். பின்னொரு நாள் பாதை கரடுமுரடாகிக் கால் நோகும் வேளையில், வேலிக்கு அப்பால் மெத்தென்ற புல்வழி ஒன்று பாதையை ஒட்டியே செல்வது போல் தோன்றுகிறது. ஒருவரும் அவனை அழைக்கவில்லை, அவனே போகிறான். அவ்வழி ஐயக் கோட்டையில் கொண்டு சேர்க்கிறது. புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறையும் தடியடியும். கதவைத் திறக்கும் சாவியோ அவன் மார்பிலேயே கிடந்தது. அதன் பெயர் வாக்குத்தத்தம். அது அடைபட்ட பின் தேடிப் பெற்றதன்று, முன்னமே வைத்திருந்தது. கணக்கு எழுதும் தொழிலில் உள்ள நாம் இப்புல்வழியை நன்கறிவோம். பெருந்தொகையைக் கையாட எவனும் முதல் நாளே நினைப்பதில்லை. அடுத்த சம்பளத்தில் வைத்துவிடலாம் என்று எடுத்த சிறுதொகையே வேலி தாண்டிய முதல் அடி.

நிற்க. நூலின் குறைகளையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. யாத்திரிகரை வலையில் சிக்க வைக்கும் முகத்துதிக்காரனைக் கருநிற உடலும் வெள்ளாடையும் உடையவனாகப் பன்யன் தீட்டுகிறார். வஞ்சகத்துக்குத் தோலின் நிறத்தை அடையாளமாக்கும் இவ்வழக்கம் கண்டிக்கத் தக்கது. நம்மவர் இதனைத் தலையசைத்து வாசித்தல் ஆகாது. இரண்டாவது, மனைவியும் மக்களும் கூவியழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் கிறிஸ்தியான். தனியொருவன் ஈடேறினால் போதும் என்ற எண்ணத்துக்கு இது இடந்தருகிறது. ஆயினும் 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவியும் நான்கு மைந்தரும் தோழியும் ஒரு வழிகாட்டியோடு கூட்டமாய் அதே பாதையில் செல்கின்றனர். துணையும் ஓர் ஆயத்தமே என்பதை ஆசிரியர் இதில் உணர்த்திவிடுகிறார்.

இந்நூலைத் தழுவித் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியம் செய்தார். 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அவரது காவியம் 1894-இல் அச்சேறியது. ஐந்து பருவங்களாய் விரியும் அதன் செய்யுள் நடை கம்பரின் வழியில் செல்வது. அதன் அழகை நாம் போற்றுகிறோம். எனினும் ஒன்று கூறுவோம்: பாத்திரம் பழுது பார்த்தவர் தம் போன்றோருக்காக எழுதிய எளிய பேச்சு, காவியத்தில் கற்றோர்க்கே உரிய அணிகலனாகிவிட்டது. கவசம் யாருக்கு மிகத் தேவையோ அவரால் தூக்க இயலாத கனமுடையதாயிற்று.

ஆயினும் பன்யனிடம் இல்லாத ஒன்றைப் பிள்ளையவர்கள் சேர்த்திருக்கிறார். இயேசுநாதரின் பாடுகளின் வரலாற்றையே காவியத்தின் உள்ளே வைத்தார். சுவிசேஷம் அறிந்தோர்க்கு இச்சேர்க்கையின் பொருத்தம் விளங்கும். கெத்செமனே தோட்டத்தில் குரு விழித்து ஜெபிக்கிறார், சீடரோ உறங்குகின்றனர். எல்லாரும் ஓடினாலும் நான் ஓடேன் என்று சூளுரைத்த பேதுரு, ஆயுதம் தாங்கி வந்தோர் முன் வாளை உருவினார்; அன்றிரவே ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன் வீழ்ந்தார். அவரிடம் வீரம் இல்லாமல் இல்லை. விழித்திருக்க வேண்டிய நாழிகையை உறக்கத்தில் கழித்ததே குறை.

அன்பர்காள்! சோதனை வராத நாளே ஆயத்த நாள். சம்பள நாள் மாலையில் எந்த வழியாக, எவரோடு வீடு திரும்புவது என்பதைக் காலையிலேயே தீர்மானித்துக் கொள்பவனுக்குப் பாதிப் போர் முடிந்துவிடுகிறது. செய்யுள் பயின்றோர் காவியத்தைக் கற்க. ஏனையோர் வசன நூலை ஓய்வு நாளில் வீட்டாரைக் கூட்டி உரக்க வாசிக்க. கிறிஸ்தவர் அல்லாதாரும் இதனால் பயன் பெறுவர். அவரவர் வழியிலும் வேலிகள் உண்டு, புல்வழிகளும் உண்டு.