'பாரம்' படமும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் கேள்வியும்

தலைக்கூத்தல் பற்றி யார் எழுதினாலும் விருதுநகர் மாவட்டத்தை இழுக்காமல் விடமாட்டார்கள். தேவதானத்துக்காரனான எனக்கு அது உறுத்தும். மறுக்கவும் முடியாது. 2010-ல் இந்த மாவட்டத்துப் பெரியவர் ஒருவர், வீட்டார் தன்னை முடித்துவிடப் பேசுவதைக் கேட்டுத் தப்பி ஓடியது செய்தியானது. வெளியுலகம் எட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

இதை வைத்து அடுத்தடுத்து இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. 2019-ல் மதுமிதாவின் 'கே.டி. என்கிற கருப்புதுரை', 2020-ல் பிரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்'. முதல் படத்தில் பெரியவர் எழுந்து ஓடிவிடுகிறார், பிரியாணி சாப்பிடுகிறார், ஒரு பையனைச் சிநேகம் பிடிக்கிறார். மு. ராமசாமிக்காகவே பார்க்கலாம். ஆனால் ஓடக் கால் இருக்கிறவருக்குத்தான் அந்தக் கதை. எழுந்திருக்க முடியாதவர் என்ன செய்வார்?

'பாரம்' அங்கேதான் கை வைக்கிறது. இரவுக் காவலாளி கருப்பசாமிக்கு இடுப்பெலும்பு முறிகிறது. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். மகன் கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். சில நாளில் சாவு. பிறகு சகோதரி மகன் வீரா விசாரிக்கக் கிளம்புகிறான். தேசிய விருது வாங்கிய படம், அதற்குத் தகுதியும் உண்டு. கிழவரின் உடம்பை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த தமிழ்ப் படம் குறைவு.

என் சண்டை இரண்டாம் பாதியோடு. அது கொலைக்கதையாகி, யார் செய்தது என்று தேடுகிறது. எங்கள் தொழிலில் கோடு உடைந்தால் முதலில் யார் எழுதிய வரி என்று பார்ப்போம். பெயர் கிடைத்ததும் ஒரு நிம்மதி வரும், சிஸ்டம் அப்படியே கிடக்கும். படமும் மகனின் பெயரைக் கண்டுபிடித்துத் தருகிறது. அவன் செய்தது கொலைதான், அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஆபரேஷன் நடந்திருந்தால்? அதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன அன்று என்ன? ராத்திரி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். மலம் ஜலம் எடுக்க வேண்டும். பிடித்து நடக்கப் பழக்க வேண்டும். இது ஒருநாள் வேலை இல்லைங்க, வாரக்கணக்கு. மகன் ராஜபாளையம் மில்லில் ஷிப்ட், மருமகள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி என்றால் யார் செய்வது? (ஊர் உலகத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற பகுதி இது.) முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். கோவையிலும் சென்னையிலும் உதவியோடு வாழும் குடியிருப்புகள் இருக்கின்றன, பென்ஷன்காரர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும். சாதாரண முதியோர் இல்லங்கள் பலவற்றில் முதல் நிபந்தனையே தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான்!

2007 முதியோர் சட்டமும் படத்தின் கண்ணோடுதான் பார்க்கிறது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, ஜீவனாம்சம் மாதம் 10,000 வரை. பிள்ளை மேல் கடமை கறாராக இருக்கிறது. 19-ஆம் பிரிவில் அரசின் முறை வரும்போது, மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு, அமைக்க'லாம்' என்று வினை தளர்ந்துவிடுகிறது. அமைத்தாலும் தன்னைப் பராமரித்துக்கொள்ளப் போதிய வசதி இல்லாதவர்களுக்கு. 

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்மையான முன்னேற்றம். பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வாசலுக்கு வருகின்றன. கேரளம் 2008-லேயே வலி தணிப்புக்குக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளை அதில் இறக்கியது. இரண்டுமே வந்து பார்த்துவிட்டுப் போகிற உதவிகள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி வீட்டார்தான்.

மாவட்டத் தலைநகரில் 150 பேர் கட்டடம் வந்தாலும் அது இந்த ஆளுக்கு ஆகாது. சேத்தூரிலோ தேவதானத்திலோ பத்துக் கட்டில், இரவுக்கு இரண்டு பராமரிப்பாளர், ஆறு வாரம் தங்கி நடக்கப் பழகி வீடு திரும்புகிற ஏற்பாடு. மகன் சாயங்காலம் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போகலாம். மகன் இருக்கிறானா என்று கேட்டுச் சேர்க்கிற விதி அங்கே இருக்கக் கூடாது.