பரிவின் விலை: மாற்கு நற்செய்தியில் தொழுநோயாளர் நலம்பெறும் நிகழ்வு

நற்செய்தி நூல்களில் இடம்பெறும் நலமளிக்கும் நிகழ்வுகள் பெரும்பாலும் இயேசுவின் ஆற்றலுக்குச் சான்றுகளாகவே விளக்கப்பெறுகின்றன. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளர் நிகழ்வு (1:40-45), ஆற்றலைக் காட்டிலும் பரிவு கொடுக்கும் விலையையே முன்னிறுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

லேவியராகமம் 13ஆம் அதிகாரம் இந்நோயாளருக்கு விதிப்பன கடுமையானவை. அவர் கிழிந்த உடை அணிய வேண்டும். தாம் தீட்டானவர் எனத் தாமே கூவ வேண்டும். பாளையத்திற்குப் புறம்பே தனித்து வாழ வேண்டும். அங்குக் குறிக்கப்பெறும் தோல்நோய்கள் இன்றைய தொழுநோயோடு முற்றும் ஒத்தவை அல்ல. ஆயினும் அந்நோயாளர் இழப்பது உடல்நலத்தை மட்டுமன்று. ஊரையும் உறவையும் வழிபாட்டையும் சேர்த்தே இழக்கிறார்.

இத்தகையவரை இயேசு முதலில் தொடுகிறார்; பின்னரே பேசுகிறார்; அதன் பின்னரே நோய் நீங்குகிறது. இவ்வரிசை கருதத்தக்கது. அடுத்த அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரைச் சொல்லாலேயே எழுந்து நடக்கச் செய்பவருக்கு, இங்குத் தொடுதல் இன்றியமையாததன்று. எனவே இது மருத்துவச் செயல் மட்டுமன்று. தீட்டு எனும் வேலியைக் கடக்கும் செயலுமாகும்.

இவ்விடத்தில் பெரும்பாலான கிரேக்கச் சுவடிகள் காட்டும் வினைச்சொல், வயிற்றின் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை 'மனதுருகி' எனப் பெயர்த்துள்ளது. பொருள் பொருந்துவதே, எனினும் வயிற்றில் எழும் உணர்வு மனத்திற்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. 'பெற்ற வயிறு' எனத் தாயின் துயரைச் சுட்டும் தமிழுக்கு மூலத்தின் உணர்வு அயலானதன்று. பெசா சுவடி இங்குச் 'சினங்கொண்டு' எனப் பாடம் தருகிறது. அப்பாடத்தையே மூலமாகக் கொள்ளும் ஆய்வாளரும் உளர். எப்பாடத்தைக் கொண்டாலும் தீண்டத்தகாதவராக விலக்கப்பட்டவரை நோக்கிக் கை நீள்வது மாறுவதில்லை.

நிகழ்வின் முடிவு இக்கருத்திற்கு வலுச்சேர்க்கிறது. நலம்பெற்றவர் குருவிடம் தம்மைக் காட்டி, ஊரோடு மீண்டும் இணையும் வழி திறக்கப்பெறுகிறது. அவர் செய்தியைப் பரப்பியதால் இயேசுவோ வெளிப்படையாக நகருக்குள் செல்ல இயலாமல், புறத்தே ஆளில்லா இடங்களில் தங்குகிறார். அவர் தீட்டுற்றதாக மாற்கு கூறவில்லை, கூட்டமே காரணமாகிறது. ஆயினும் கதையமைப்பில் புறத்தே இருந்தவர் உள்ளே வரத் தக்கவராகிறார். தொட்டவர் புறத்தே நிற்கிறார்.

ஆகவே, இந்நிகழ்வை அற்புதமாக மட்டும் வாசிப்பது, துன்புற்றவரை ஆற்றலை விளக்கும் கருவியாகக் குறுக்கிவிடும். பிறர் துயரைத் தீர்ப்பவர் அத்துயரின் இடத்தில் தாமே நிற்க நேரும் என்பதே மாற்கு காட்டும் பரிவு.